குறையில்லாத குளத்தின்ர தலைவர்

போன கிழமை மாமா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சுது. வந்த ஆக்களுக்குக் கல்வெட்டுக் குடுத்தவை. செத்த ஆளைப் பற்றிப் பாட்டும் படமும் போட்டு அடிக்கிற சின்னப் புத்தகம். அதில மாமாவைக் குறையேதும் இல்லாத குணக்குன்று எண்டு போட்டிருக்கு. படத்தில தலைமயிர்கூட அவருக்கு இருந்ததை விடக் கூடவா இருக்கு. பாட்டு எழுதினவர் மாமாவைக் கண்டதே இல்லை. டவுனில அச்சுக்கூடத்தோட இருக்கிற மனுசன். ஆர் செத்தாலும் அவருக்குக் குணக்குன்றுதான்.

எனக்குப் பாட்டு வராது. எட்டாம் வகுப்போட நிண்டவள், டவுனில தையல் கடையில வேலை செய்யிறன். ஆனா மாமாவை எனக்குத் தெரியும். அதால எழுதுறன். பேர் போடேல்ல. போட்டா ஊரில பாதிச் சனம் சண்டைக்கு வரும், மற்றப் பாதி தங்கட பேரையும் போடச் சொல்லிக் கேக்கும்.

மாமா எண்டா அம்மான்ர தமையன். கலியாணம் கட்டாத ஆள். அப்பா விட்டிட்டுப் போன பிறகு எங்களைப் பார்த்தது அவர்தான். அவரில இருந்த விசயம் ஒண்டுதான். எதைக் காட்டி இது பழுது எண்டு சொன்னாலும், அவர் அதைத் தூக்கி ஒரு பெருமையா மாத்திப் போடுவார். பொய் சொல்லுறார் எண்டு நினைக்கக் கூடாது. சொல்லி முடியேக்க அவருக்கே அது உண்மையாப் போயிடும்.

அவற்ற மோட்டச்சைக்கிள் பள்ளத்தில உருட்டினாத்தான் ஸ்டாட் ஆகும். "கள்ளன் கொண்டுபோக ஏலாது, அவனுக்குப் பள்ளம் எங்க இருக்கெண்டு தெரியாது," எண்டு சொல்லுவார். இடது காது கேக்காது. சனம் கதைக்கிறதில அரைவாசிதான் உண்மை, அதுக்கு ஒரு காது காணும் எண்டுவார். கிளினிக்கில சீனி வருத்தம் எண்டு சொல்லி விட்டவை. கந்தளாயில சீனி ஆலை மூடின பிறகு இந்தப் பக்கத்தில சீனி இருக்கிறது தனக்குள்ள மட்டும்தான் எண்டு சந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு, மூண்டு கரண்டி போட்டுத் தேத்தண்ணி குடிச்சார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட அண்டைக்கு அம்மா ஒப்பாரி வைக்காத குறை. மாமா வந்து கதிரையில இருந்து சொன்னார்.

"மற்றப் பிள்ளையள் படிச்சுப் போட்டுப் பெயில் விடுறது. எங்கட பிள்ளை பெயில் விட முதலே வந்திட்டுது. அதுக்கொரு மூளை வேணும்."

அம்மாக்குச் சிரிப்பு வந்திட்டுது. நானும் அண்டைக்கு என்னைப் பற்றி நல்லா நினைச்சுக்கொண்டு படுத்தன். அப்பிடி நினைக்க வச்ச ஆள் உலகத்தில எனக்கு அவர் ஒருத்தர்தான். இதை எழுதேக்க எனக்கு அழுகை வருது. வந்தாலும் எழுதத்தான் போறன், ஏனெண்டா இனித்தான் குளத்துக் கதை வருது.

எங்கட ஊர்க் குளம் சின்னன். கந்தளாய்க் குளத்தைக் கண்ட ஆக்களுக்கு இதைக் காட்டினா முகம் கழுவுற பேசின் எண்டு நினைப்பினம். அரசாங்கம் கட்டினதில்லை. ஊராக்களின்ர பூட்டன்மார் கூடையில மண் சுமந்து கட்டினது. அதால குளம் எங்கட சொந்தம். பெருமை கதைக்கேக்க அது எங்கட குளம். கட்டுத் திருத்த வேணுமெண்டு வந்தா அது அரசாங்கத்தின்ர குளம். அரசாங்கக் கந்தோரில போய்க் கேட்டா, அது ஊராக்களின்ர குளமெண்டு திருப்பி அனுப்புவினம். இப்பிடி ரெண்டு பக்கமும் மாறி மாறி மரியாதை குடுத்ததில, கட்டில ஒரு கூடை மண் விழேல்ல.

அந்தக் குளத்துக்குக் கமக்காரச் சங்கத் தலைவர் மாமா. ஊர் அவரை ஏன் தெரிஞ்செடுத்ததெண்டு எனக்கு இப்பத்தான் விளங்குது. திருத்தச் சொல்லுற தலைவர் வந்தா எல்லாரும் மண்வெட்டி தூக்க வேணும். பெருமை சொல்லுற தலைவர் எண்டா வீட்டில இருந்து கேட்டாக் காணும்.

எங்கட வீடு கட்டுக்கு நேர கீழ, முதல் வீடு. குசினிக் கதவைத் திறந்தாக் கட்டுத்தான் தெரியும், வானம் தெரியாது. கட்டின்ர அடியில, எங்கட குசினிக்குப் பின்னால, எப்பவும் தண்ணி கசியும். அதில அம்மா கீரை போட்டிருந்தா. அம்மாக்கு ஒருக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, அது சரியாப் பொருந்தேல்ல. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் எழும்புவா. மாமான்ர வீடு மட்டும் மேட்டில, றோட்டுக்கரையில இருந்தது.

ஒருக்காக் கந்தோரில இருந்து ஒரு மிஸ் வந்தா. சின்ன வயசு, தொப்பி போட்டிருந்தா. ஊர்க் குளங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போறதுதான் அவவின்ர வேலை. மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கூடப் போனார். நான் குடை பிடிக்கப் போனனான்.

கட்டில நிக்கிற மருத மரங்களைக் காட்டி, வேர் உள்ளுக்குப் போனாக் கட்டு வெடிக்கும் எண்டு மிஸ் சொன்னா. கொங்கிறீட்டுக்குக் கம்பி போடுறேல்லையோ, அதுமாதிரித்தான் நாங்கள் வேர் போட்டிருக்கிறம் எண்டார் மாமா. எருமை ஏறி இறங்கிக் கட்டு ஒரு இடத்தில பள்ளமாக் கிடந்தது. மாட்டுக்கெண்டு தனி வீதி போட்ட குளம் இந்தப் பக்கத்தில இது ஒண்டுதான் எண்டார். வயலுக்குத் தண்ணி விடுற துருசின்ர கதவு துருப்பிடிச்சு மூடுறேல்ல. இருபத்துநாலு மணித்தியாலச் சேவை எண்டார். கசிவைக் காட்டினா. "வேலை செய்யிற ஆளெண்டா வேர்க்கும்தானே மிஸ். குளம் வேர்க்குது."

மிஸ் பேனையை மூடிப் போட்டு மாமாவைப் பார்த்தா. கோவமோ சிரிப்போ தெரியேல்ல.

கடைசியா அவ காட்டினது புத்தை. கட்டுக்கு மேல, சரியா எங்கட வீட்டுக்கு நேர, ஆளுயரத்தில ஒரு பாம்புப் புத்து நிக்கிறது. நாகதம்பிரான் எண்டு வெள்ளிக்கிழமையில பெண்டுகள் பாலும் மஞ்சள் தண்ணியும் ஊத்துவினம். புத்துக்குக் கீழ கட்டுக்குள்ள பொந்து இருக்கும், வெட்டிப் போட்டுக் களிமண் போட்டு இறுக்க வேணும் எண்டா மிஸ்.

"ஏலாது மிஸ். அதுக்குள்ள ஆள் இருக்குது."

"ஆர்?"

"நாகதம்பிரான். எங்கட சங்கத்தில ஆயுட்கால அங்கத்தவர்."

மிஸ் எழுதின கொப்பியை மடிச்சா. போகேக்க எங்கட குசினிப் பக்கம் வந்து, கசிவுத் தண்ணியைக் கையில ஏந்தி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா. என்னைக் கூப்பிட்டு மெல்லமாச் சொன்னா.

"தங்கச்சி, இப்ப தெளிவா வருது. தெளிவா வாற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கலாம். கலங்கி வந்தா உள்ளுக்கு மண் கரையுதெண்டு அர்த்தம். அப்ப ஒரு சாமானும் எடுக்க நிக்காதேங்கோ. அம்மாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போயிடுங்கோ."

இதை நான் மாமாட்டச் சொன்னனான். அண்டைக்குப் பின்னேரமே ஊர் முழுக்கக் கதை பரவிச்சுது. எங்கட குளத்துத் தண்ணி தெளிவெண்டு கந்தோராலயே சொல்லிப் போட்டினமாம்.

பிறகு ஒரு ஆடி வெள்ளி. பூசைக்கு அந்த முறை சனம் கூட. அண்டாவில மஞ்சள் கரைச்சு வச்சு, ஆளுக்கொரு செம்பு எண்டு புத்துக்குள்ள ஊத்தினவை. நான் கீரை பிடுங்கப் பின்னால போனன். கசிவுத் தண்ணி மஞ்சளா வந்துகொண்டிருந்தது.

மேல ஊத்தினது கீழ வருது. எட்டாம் வகுப்புக்கே அது விளங்கும். ஆனா நான் வாயைத் திறக்க முதல் பக்கத்து வீட்டு அக்கா கண்டிட்டா. கண்டு கும்பிட்டிட்டா. பிறகென்ன, கற்பூரம், தேங்காய், போத்தலில பிடிக்கிற சனம், அம்மான்ர கீரைப் பாத்தி முழுக்க மிதி. அடுத்த கிழமை சல்லி ஊரில இருந்தும் ஒரு வானில ஆக்கள் வந்தினம். மாமா ஒரு வாங்கில ஏறி நிண்டு கதைச்சார். எத்தினையோ பெரிய குளம் இருக்க, நாகதம்பிரான் எங்கட கட்டைத்தான் வழியாத் தெரிஞ்செடுத்திருக்கிறார் எண்டார். சனம் கை தட்டிச்சுது. கட்டில ஓட்டை இருக்கெண்டு சொன்னதுக்குக் கை தட்டின சனம் நாங்களாத்தான் இருப்பம்.

கிண்ணியாவில இருந்து நெல் வாங்க வாற முஸ்லிம் நானா ஒருத்தர் அண்டைக்கு வந்திருந்தார். மாமாவும் அவரும் மச்சான் எண்டுதான் கதைப்பினம். நானா தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கசிவையும் பார்த்தார், புத்தையும் பார்த்தார்.

"மச்சான், மேல ஊத்தின மஞ்சள் கீழ வருதெண்டா நடுவில ஒரு றோட்டு இரிக்கி. அந்த றோட்டால மஞ்சள் மட்டும்தான் போகணும், குளத்துத் தண்ணி போகப்படாதெண்டு போட் போட்டிரிக்கயோ?"

"அது பக்தியுள்ள றோட்டு மச்சான்."

"பக்தியுள்ள றோட்டெண்டாலும் தங்கச்சிர வீட்டு வாசல்லதான் முடியிது," எண்டு சொல்லிப் போட்டு நானா கோப்பையை வச்சார்.

சனம் கலைஞ்ச பிறகு மாமா தனிய வந்தார். நான் குசினிக்குள்ள நிண்டது அவருக்குத் தெரியாது. குந்தி இருந்து தண்ணிக்குள்ள கையை வச்சபடி கன நேரம் இருந்தார். பிறகு எழும்பி என்னைக் கண்டார்.

"மஞ்சள் நல்ல மஞ்சள், பிள்ளை," எண்டார்.

அந்த மாரிக்கு மழை தொடக்கத்திலயே ஊத்திச்சுது. குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி தானா வழிஞ்சு போக ஒரு தாழ்ந்த பக்கம் இருக்கும், அதுக்கு வான் எண்டு பேர். எங்கட ஆக்கள் ஒவ்வொரு மாரிக்கும் உரப்பையில மண் நிரப்பி அந்த வானை அடைப்பினம். ஒரு வரி மூட்டை அடுக்கினாக் கடைசி வயல் வரைக்கும் தண்ணி காணும். ரெண்டு வரி அடுக்கினா, பக்கத்து ஊர்க் குளம் வான் பாயேக்க எங்கட குளம் பாயாம நிக்கும். இந்த ரெண்டாவது வரி வயலுக்கில்லை, மீசைக்கு. அந்த முறை மாமா மூண்டாவது வரியும் அடுக்கச் சொன்னார். மூட்டை சரியாம இருக்கக் கம்பி அடிச்சு முண்டு குடுத்தவை. பக்கத்து ஊர்க் குளம் பாய்ஞ்ச அண்டைக்கு எங்கட பொடியள் வெடி கொளுத்தினவை.

அதுக்குப் பிறகு ஒரு விடியக்காலமை மழை விட்டிருந்தது. முகம் கழுவப் பின்னால போனன். கசிவுத் தண்ணி பால் தேத்தண்ணி மாதிரி வந்துகொண்டிருந்தது. கையில ஏந்தினன். விரலுக்கிடையில மண் நிண்டுது.

மேட்டுக்கு ஓடினன். மாமா பல்லுத் தீட்டிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே வந்தார். குந்தி இருந்து பார்த்தார். நான் அவற்ற வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டன். ஏதாவது சொல்லுவார் எண்டு. குளத்துக்குத் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகுது எண்டாவது சொல்லுவார் எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்ல. அந்த வாய் வெறுமையா இருந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டது. எனக்குத் தண்ணியை விட அதுதான் பயம் காட்டிச்சுது.

உள்ளுக்குப் போய் அம்மாவை எழுப்பினார்.

"தங்கச்சி, எழும்பு. என்ர வீட்டை போவம்."

"ஏன்?"

"கட்டு சரியில்லை."

அம்மா சிரிச்சா. "உங்களுக்கு விடியவே பகிடி."

"பகிடி இல்லை. கட்டுப் பிழைச்சுப் போச்சு."

"அண்ணை, இந்தக் கட்டு உடையாதெண்டு நான் இந்த வளவுக்கு வந்த நாளில இருந்து நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒருத்தரும் நம்பாட்டியும் நான் நம்பிக்கொண்டுதானே இதுக்கடியில படுத்தனான். தலைவற்ற தங்கச்சியே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினா உங்களுக்கு என்ன மரியாதை? நான் வரமாட்டன்."

நானும் அவரும் பிடிச்சுத் தூக்கப் பார்த்தம். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டா. இடுப்பு நோவில கத்தினா. மாமா கையை விட்டார். ரெண்டு தரம் "தங்கச்சி, தங்கச்சி" எண்டார். பிறகு வெளியால போய் மற்ற வீடுகளில சொன்னார். கட்டுக்குக் கீழ இருக்கிற வீடு எல்லாத்திலயும் அதே கதைதான். குளம் வேர்க்குது தலைவர், வேலை செய்யுதாக்கும் எண்டு ஒருத்தர் பல்லைக் குத்திக்கொண்டு சொன்னார். இன்னொரு வீட்டில அவருக்குச் சீனி தலைக்கேறிட்டுதெண்டு தேத்தண்ணியைச் சீனி போடாமல் குடுத்தினம்.

சனத்தை எழுப்ப ஏலாதெண்டா தண்ணியை இறக்க வேணும். மாமா கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வானுக்குப் போனார். தனியத்தான் போனார். தான் அடுக்கின மூட்டையைத் தானே குத்திக் கிழிச்சு மண்ணைத் தள்ளினார். ஊருக்கு அப்பத்தான் உசிர் வந்தது. கட்டு உடையப் போகுதெண்டு சொல்லேக்க எழும்பாத சனம், தண்ணி போகப் போகுதெண்ட உடன ஓடி வந்துது. வெள்ளாமைத் தண்ணியை விடுறானெண்டு தூசணத்தில பேசினவை. ரெண்டு பொடியள் இறங்கி மண்வெட்டியைப் பறிச்சாங்கள். மாமா கையால இழுத்தார். இழுபறியில முண்டு குடுத்த கம்பி அவற்ற காலில ஏறிச்சுது. காலைக் கழட்டி எடுத்துப் போட்டு அடுத்த மூட்டையை இழுத்தார்.

நெல்லு நானா லொறியில வந்து இறங்கினது அந்த நேரம். ஆரிட்டையும் ஒண்டும் கேக்கேல்ல. செருப்பைக் கழட்டி லொறிக்குள்ள போட்டிட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கி மாமாவோட சேர்ந்து இழுத்தார். மூட்டை வரியில ஒரு இடம் விட்டிட்டுது. பிறகு தண்ணி தன்ர வேலையைத் தானே பார்த்துக்கொண்டுது. பொடியளும் கரைக்கு ஏறிட்டாங்கள்.

பகல் முழுக்க வான் பாய்ஞ்சுது. நான் ஒரு வெள்ளைக் கோப்பையோட கசிவடியில இருந்தன். பின்னேரம் தண்ணி தெளிஞ்சுது. கட்டு உடையேல்ல.

உடையாததுதான் மாமாக்குப் பிழைச்சுப் போச்சு. கட்டு உடைஞ்சு நாலு வீடு போயிருந்தா அவரைத் தெய்வமெண்டிருப்பினம். உடையாத கட்டுக்கு ஆர் சாட்சி சொல்லுறது? நானும் என்ர கோப்பையும்தான். அதுக்குப் பிறகு மழையும் சொல்லி வச்ச மாதிரி நிண்டிட்டுது. கடைசி வயல்கள் கதிர் வாற நேரம் காய்ஞ்சு போச்சு. நல்ல கட்டைச் சந்தேகப்பட்டுத் தண்ணியை விட்ட மனுசன் எண்டு, தண்ணி எடுக்கப் போற இடமெல்லாம் என்ர காதுபடக் கதைச்சினம்.

சங்கத்தைக் கூட்டினவை. தலைவரை நீக்கிறதுக்கு விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ எண்டார் செயலாளர். எல்லாக் கையும் எழும்பிச்சுது. நான் கதவடியில நிண்டு பார்க்கிறன், மாமான்ர கையும் மேல நிக்குது.

செயலாளர் கிட்ட வந்தார். "தலைவர், இது உங்களை நீக்கிறதுக்கு."

"தெரியும். ஏகமனதாப் போகட்டும். பக்கத்து ஊர்ச் சங்கத்தில ஒரு நாளும் ஏகமனதா ஒண்டு நடந்ததில்லை."

சிரிச்சது அவர் மட்டும்தான். நொண்டிக்கொண்டு வெளியால வந்து மோட்டச்சைக்கிளைப் பள்ளத்தில உருட்டினார். புதுத் தலைவர் முதல் வேலையாப் புத்துக்கு ஓடு போட்டுக் கூரை அடிச்சார். பொந்து அப்பிடியே கிடக்கு.

அதுக்குப் பிறகு மாமா அம்மாவை மேட்டுக்கு வரச் சொல்லி எத்தினையோ தரம் கேட்டுப் பார்த்தார். அம்மா மாறேல்ல. அண்ணன்ர மரியாதையை ஊர் பறிச்சாலும் தான் பறிக்கமாட்டாவாம். ஒரு நாள் மாமா கட்டிலையும் ரெண்டு சாரத்தையும் மோட்டச்சைக்கிள் பின்னால கட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்திட்டார். மேட்டு வீடு வெக்கையாக் கிடக்கு, இஞ்ச காத்து நல்லா வரும் எண்டார்.

கட்டுக்குக் கீழ எங்க இருந்து காத்து? வாடைக் காத்தும் வராது, கச்சான் காத்தும் வராது. விசிறியால அடிக்கிற காத்தே சுவரில முட்டித் திரும்பி வாற மாதிரி இருக்கும். ஆனா வாற போற ஆக்களுக்கெல்லாம் மாமா அதைத்தான் சொன்னார். நெல்லு நானா மட்டும் ஒருக்கா வந்து, சேட்டைக் கழட்டி வேர்வையைத் துடைச்சுக்கொண்டு, "ஓம் மச்சான், நல்ல காத்து," எண்டு சொல்லிப் போட்டுப் போனார்.

கம்பி ஏறின புண் ஆறேல்ல. சீனி விடேல்ல. புண்ணெண்டா மருந்து கட்டலாம், இது வானை வெட்டின அடையாளம் எண்டு மாமா துணியைச் சுத்திக்கொண்டு திரிஞ்சார். கால் கறுத்தது. நான் அழுது, நானான்ர லொறியில டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க பிந்திப் போச்சு. காலை எடுக்க வேணுமெண்டு சொன்னவை. ஒரு காலுக்கு ஒரு செருப்புக் காணும், லாபம் எண்டார். எடுக்க முதல் காய்ச்சல் ஏறி முடிஞ்சு போச்சு. அந்தச் செருப்புக் கதையைப் பகிடியெண்டு நான் சிரிச்சனான். அதுதான் எனக்கு ஆறுதில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனம் எங்கட வீட்டுக்குள்ள இருக்க ஏலாமல் முற்றத்துக்கு முற்றம் மாறி மாறி இருந்தினம். காத்தே இல்லாத இந்த வீட்டுக்குள்ள மனுசன் எப்பிடித்தான் படுத்தவரோ எண்டு ஒரு மனுசி கேட்டா. அம்மா சுவரைப் பார்த்தபடி கிடந்தா.

எல்லாரும் போன பிறகு மாமான்ர கட்டிலைக் கழுவ எடுத்தன். முன் விறாந்தையில எவ்வளவு இடம் கிடக்க, அவர் ஏன் அதைக் குசினிக் கதவுக்குக் குறுக்க போட்டவர் எண்டு அப்பத்தான் பார்த்தன். கால்மாட்டில கதவைத் திறந்தாக் கசிவு. தலைமாட்டில கையை நீட்டினா அம்மான்ர கட்டில் சட்டம். நடுவில அவர் படுத்திருக்கிறார். கசியிற சத்தம் மாறினாக் கேக்கட்டும் எண்டு, கேக்கிற காது மேல இருக்கிற மாதிரி ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் எப்பவும் படுப்பார்.

மாரி தொடங்கிட்டுது. வானில ரெண்டு வரி மூட்டை ஏறியாச்சு. அம்மா இன்னும் வரமாட்டன் எண்டுதான் நிக்கிறா. கட்டில் எடுத்த இடத்தில நான் பாய் போட்டிருக்கிறன்.